கறை பிள்ளையின் பல்லில், குற்றம் யாருடையது?

பள்ளிகளில் பல் சுகாதார முகாம் என்றால் வழக்கமாக நடப்பது இதுதான். ஒருவர் வந்து பெரிய பல் பொம்மையில் பிரஷ்ஷால் தேய்த்துக் காட்டுவார். காலையும் இரவும் பல் விளக்க வேண்டும், இனிப்பைக் குறைக்க வேண்டும் என்பார். பிள்ளைகளும் அதைத் திருப்பிச் சொல்வார்கள், தேர்விலும் சரியாக எழுதுவார்கள். அதற்குப் பிறகும் ஒரு பிள்ளையின் பல்லில் கறை தெரிந்தால், வகுப்பே சிரிக்க ஒரு கேள்வி வரும்: "நீ பல்லே விளக்குறதில்லையா?"

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இந்தக் கேள்வி எவ்வளவு பெரிய அநியாயம் என்பதை நாம் அறிய வேண்டும். அங்கே பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 1.5 மில்லிகிராம். அதைத் தாண்டிய நீரை, ஈறுக்குள் பல் உருவாகும் சிறுவயதில் தொடர்ந்து குடித்தால் எனாமல் பாதிக்கப்படும். பல் முளைக்கும்போதே வெண்திட்டோடு முளைக்கும், பிறகு பழுப்புக் கறையும் ஏறும். எத்தனை முறை விளக்கினாலும் அது போகாது.

ஃபுளோரைடு சாதி பார்ப்பதில்லை. கறையைப் பார்க்கும் கண் பார்க்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு வந்தால் அது தண்ணீரின் கோளாறு. கேன் தண்ணீர் வாங்குவார்கள், பல் மருத்துவரிடம் போவார்கள். சேரிப் பிள்ளைக்கு வந்தால் 'சுத்தமில்லாதவர்கள்' என்ற பழைய வசைக்கு இன்னொரு சாட்சி. அந்தப் பிள்ளை வாயைக் கையால் மூடிச் சிரிக்கப் பழகுகிறது. பிறகு கை தூக்கிப் பதில் சொல்வதையும் நிறுத்திவிடுகிறது.

பல் விளக்க வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சொத்தைப் பல்லைத் தடுக்க அது அவசியம். ஆனால் நூறு பிள்ளைகள் தங்கும் விடுதியில் இரண்டு குழாய்தான் என்றால், அங்கே குறைவது அறிவா, தண்ணீரா?

தோழர்களே, உங்கள் ஊர்ப் பள்ளிக்கும் ஆதிதிராவிடர் நல விடுதிக்கும் போய்ப் பாருங்கள். எத்தனை குழாய்கள்? தண்ணீரைக் கடைசியாக எப்போது பரிசோதித்தார்கள்? ஃபுளோரைடு பாதிப்பைத் தடுக்கக் கொண்டுவரப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் ஊர்த்தெருவோடு நிற்கிறதா, சேரிக்கும் வருகிறதா? ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தின்படி அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுக்கொரு முறை மருத்துவக் குழு வர வேண்டும். பல் பரிசோதனையும் அதில் உண்டு. குழு வந்ததா? சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்த பிள்ளைகளை யாராவது அழைத்துப் போனார்களா? பதில் வரவில்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.

1927-இல் மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் நீர் அள்ளிக் குடித்தது தாகத்துக்காக மட்டுமல்ல. நல்ல தண்ணீர் நமக்கு உரிமை. அந்த உரிமையைத் தராதவர்கள் நம் பிள்ளைகளுக்குச் சுத்தத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டாம்.

ஜெய்பீம்.