விண்ணப்பத்தில் காணாமல் போன நிலம்

‘ஃபண்டு வாங்கினா இயக்கம் செத்துடும்’ என்கிறார்கள் தோழர்கள். பணம் வரும்வரைகூடக் காத்திருக்க வேண்டாம், விண்ணப்பம் எழுதும்போதே சாவு தொடங்கிவிடும் என்பது என் அனுபவம்.

பஞ்சமி நில மீட்புக்கு ஒரு விண்ணப்பம் எழுதினேன். 1891இல் ட்ரெமன்ஹீர் கொடுத்த அறிக்கை, 1892 அரசாணை, 1994 அக்டோபரில் காரணை நிலப் போராட்டத்தில் போலீஸ் சுட்டுச் செத்த ஜான் தாமஸ், ஏழுமலை எல்லாம் அதில் இருந்தது. திருத்தி வந்தபோது நிலம் ‘வாழ்வாதாரம்’ ஆகியிருந்தது. சேரி சனம் ‘பயனாளிகள்’. மூணு வருசத்தில் எத்தனை ஆடு என்று ஒரு கட்டம் வேறு. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கையெழுத்துப் போட்டேன். பணம் வந்தது, ஆடும் வந்தது. நிலம் எங்கே என்று ஒரு கிழவி கேட்டாள்.

அதற்காக எழுதாமல் இருக்க முடியுமா? எழுதணும். ஆனால் முதல் வரி சேரியில் உட்கார்ந்து பேசி எழுதியதாக இருக்கணும். ‘அ’ பதிவேட்டு நகல், வில்லங்கச் சான்று, வக்கீல் பீஸ், தாலுகா ஆபீசுக்குப் பத்து நடை பஸ் காசு: செலவுப் பட்டியல் இதுதான். ‘நில மீட்பு’ என்ற சொல்லை எடுக்கச் சொன்னால் விண்ணப்பத்தையே திரும்ப எடுத்துக்கொள்ளணும்.

வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020 திருத்தம் நிர்வாகச் செலவை 50லிருந்து 20 சதவீதமாக்கியது. வாங்கிய நிறுவனம் வேறு அமைப்புக்கு அதைக் கைமாற்றவும் கூடாது. பெரிய நிறுவனங்களை அண்டிப் பிழைத்த ஊர்ச் சங்கங்களுக்கு அந்தக் கதவு மூடியாச்சு.

எங்க சங்கம் இப்போது வீட்டுக்கு மாதம் இருபது ரூபாய் வாங்குகிறது. பதிவேட்டு நகல் அந்தக் காசில் எடுத்தது. அடுத்த விண்ணப்பத்தில் முதல் இணைப்பு அதுதான்.