நூலகருக்கும் வகுப்பறையில் இடம் வேண்டும்

முனைவர் பட்ட ஆய்வாளர்களில் பலர் பல்கலைக்கழக நூலகரை முதன்முதலாகத் தேடி வருவது, ஆய்வேட்டை எழுதி முடித்த பிறகுதான். கருத்துத் திருட்டுச் சோதனை நடத்திச் சான்றிதழ் தருவது நூலகத்தின் வேலை. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள், 10 விழுக்காடு வரையிலான ஒப்புமையைக் குற்றமாகக் கொள்வதில்லை. “சார், பதினாலு காட்டுது, எப்படிக் குறைக்கிறது?” என்று கேட்டு நிற்பார்கள். ஏறக்குறைய அதே தலைப்பில் வேறொரு பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே ஆய்வு நடந்திருப்பதை அப்போது சொல்ல நேர்வது பெரும் சங்கடம். இந்திய ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் ‘சோத்கங்கா’ தளத்தில் தலைப்பைப் பதிவுசெய்யும் முன்பே தேடியிருந்தால், அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும்.

வாசிக்கக் கிடைப்பதில் இன்று பஞ்சம் குறைந்துவிட்டது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்களை 6,300க்கும் மேற்பட்ட அரசு நிறுவனங்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறது. ஆண்டுதோறும் எந்த இதழின் சந்தாவை வெட்டுவது என்று தலையைப் பிய்த்துக்கொண்ட தலைமுறையைச் சேர்ந்தவன் நான். இதைக் குறைசொல்ல மனம் வராது. தனியார் கல்லூரிகள் முதல் கட்டத்தில் சேர்க்கப்படவில்லை என்பது தனிக் குறை. ஆனால், 13,000 இதழ்களுக்குள் தனக்கு வேண்டிய ஐந்து கட்டுரைகளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று மாணவருக்கு யார் சொல்லித்தருவது? அதற்கு எந்தச் சந்தாவும் விடை தராது.

இந்தக் கேள்விக்கு விடை தேடியவர் நம் ஊர்க்காரர்தான். மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த சீர்காழி ரங்கநாதன், 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகரானார். ஆளரவமற்ற அந்த வேலை பிடிக்காமல், சேர்ந்த சில நாட்களிலேயே வகுப்பறைக்குத் திரும்பிவிடத் துடித்தார். லண்டன் சென்று பயின்று வந்தவர், வாசகருக்கு உடனிருந்து வழிகாட்டும் சேவையை நூலகத்தின் உயிர்நாடியாக்கினார். 1931இல் அவர் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவதைப் பற்றியது. ஆசிரியர் ஒருவர் நூலகரானதால்தான் நூலகத்தைக் கற்பித்தலின் பகுதியாகப் பார்க்க முடிந்தது என்பது என் கணிப்பு.

ஓர் எடுத்துக்காட்டு. முதுகலை வரலாற்று வகுப்பில் நீதிக்கட்சியைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்கிறார் பேராசிரியர். “லைப்ரரியில பாருங்க” என்பதோடு அவர் நிறுத்திக்கொண்டால், மாணவர்கள் கூகுளையும் சாட்ஜிபிடியையும்தான் பார்ப்பார்கள். செயற்கை நுண்ணறிவு தயங்காமல் இல்லாத நூல்களுக்கும் பக்க எண் கொடுக்கும். அவற்றைக் கேட்டு நூலகத்துக்கு வருகிறவர்களும் உண்டு. மாறாக, பருவம் தொடங்கும் முன்பே பேராசிரியரும் நூலகரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் கதையே வேறு. 1921ஆம் ஆண்டின் வகுப்புவாரி அரசாணையைத் தேட எழும்பூர் ஆவணக் காப்பகத்தை எப்படி அணுகுவது, அக்காலச் சட்டமன்ற விவாதங்களை எப்படிப் படிப்பது, ‘ஜஸ்டிஸ்’, ‘திராவிடன்’ ஏடுகள் எங்கே கிடைக்கக்கூடும், பிற்கால நினைவுக் குறிப்பை எந்த அளவுக்கு நம்புவது - இவற்றை நூலகர் ஒரே வகுப்பில் காட்டிவிடலாம். அதன் பிறகு மாணவர் எழுதும் கட்டுரையைத் திருத்துவதே பேராசிரியருக்குச் சுவையான வேலையாகிவிடும்.

தமிழ்த் துறைகளுக்கு இந்தத் துணை இன்னும் கூடுதலாகத் தேவை. அந்த 13,000 இதழ்களால் தமிழாய்வாளருக்குப் பெரிய பயனில்லை. அவருக்கு வேண்டியவை பழைய சிற்றிதழ்கள், முதற்பதிப்புகள், குஜிலி நூல்கள் எனப்படும் மலிவு விலைச் சிறு வெளியீடுகள். கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்து வைத்ததிலிருந்து 1994இல் உருவான சென்னை ஆராய்ச்சி நூலகம், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் என்று களஞ்சியங்கள் இருக்கின்றன. எதில் எது இருக்கிறது என்று அறிந்த ஒருவர் பல்கலைக்கழகத்திலேயே இருந்தால், சேலத்து மாணவர் சென்னைக்கு வீணாக அலைய வேண்டாம்.

முனைவர் பட்ட ஆய்வாளர்களுக்கு ஆய்வு நெறிமுறை, வெளியீட்டு நெறிமுறை குறித்த இரண்டு கிரெடிட் பாடத்தை 2019இல் மானியக் குழு கட்டாயமாக்கியது. தரவுத்தளங்களும் போலி ஆய்விதழ்களும் அதில் அடக்கம். நூலகரே நடத்த வேண்டிய பாடம் அது. நான் பார்த்த இடங்களில், பணிச்சுமை குறைவாக உள்ள எவரேனும் ஓர் ஆசிரியர் தலையில் அது கட்டப்படுகிறது. நூலகரை ஆசிரியராக மதிக்கும் பழக்கம் நம்மிடம் இல்லை. நாக் தரமதிப்பீட்டின்போது மட்டும் நூல்களின் எண்ணிக்கையும் வருகைப் பதிவேடும் தூசு தட்டப்படும்.

முதலில் ஆள் வேண்டும். நூலகர் ஓய்வுபெற்றால் அந்த நாற்காலியைக் காலியாக விட்டு, ஒரு பேராசிரியருக்குக் ‘கூடுதல் பொறுப்பு’ தரும் வழக்கத்தைத் துணைவேந்தர்கள் கைவிட வேண்டும். ஆய்வுத் தலைப்பைப் பதிவுசெய்யும் முன், நூலகருடன் சேர்ந்து முன்னாய்வுகளைத் தேடியதற்கான குறிப்பை இணைப்பது கட்டாயமாக வேண்டும். இதற்கு அரசாணை தேவையில்லை, பல்கலைக்கழக ஆட்சிக்குழுவின் ஒரு தீர்மானம் போதும். பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த பருவத்துக்கான பாடத்திட்டக் குழு கூடும்போது உங்கள் நூலகரையும் அழையுங்கள்.

- கட்டுரையாளர், ஓய்வுபெற்ற பல்கலைக்கழக நூலகர்.