பண்பாட்டின் தலையில் கட்டும் பழி

"அந்தப் பக்கத்து ஆக்கள் அப்பிடித்தான்." வெட்டுக்குத்து, குடிச்சண்டை, கசிப்பு என்று எது நடந்தாலும் மட்டக்களப்பின் களுவாஞ்சிக்குடிக் கடைவாசலில் கிடைக்கும் விளக்கம் இதுதான். படித்தவர்கள் இதையே பண்பாட்டுக் காரணி என்பார்கள். மட்டக்களப்பார் மந்திரத்தால் வந்தவரைப் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று யாழ்ப்பாணத்தார் சொன்னால் மட்டும் நமக்குக் கோபம் வந்துவிடும்.

இனத்துக்கு இனம் குற்றக் குணம் வேறுபடும் என்ற வாதத்துக்கு ஆய்வு முத்திரையும் உண்டு. 1953 இல் ஜாக்குலின் ஸ்ட்ராஸும் மரே ஸ்ட்ராஸும் எழுதிய கட்டுரை, சிங்களவரின் சமூகக் கட்டு தளர்ந்தது, அதனால் கொலை கூட என்றது. தமிழரின் கட்டு இறுகியது, அதனால் தற்கொலை கூட என்றது. கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் 1995 இல் லட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக இருந்த இலங்கையின் தற்கொலை வீதம், 2005 ஆகும்போது பாதியளவுக்கு இறங்கியது எப்படி? அந்தப் பத்தாண்டில் மானமும் ரோசமும் குறைந்தனவா? குடி நின்றதா? போர் முடிந்ததா? நடந்தது வேறு. கொடிய நஞ்சுள்ள கிருமிநாசினிகள் 1995 இலும், எண்டோசல்பன் 1998 இலும் தடைசெய்யப்பட்டன. நஞ்சருந்தி ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் தொகை அப்படிக் குறையவில்லை. வந்தவர்களில் பிழைத்தவர்கள் கூடினார்கள். வயலுக்கு எந்த மருந்து விற்கலாம் என்று கொழும்பில் எடுத்த முடிவு, எத்தனையோ மேடைப் பிரசங்கங்களால் ஆகாததைச் செய்தது.

தற்கொலைக்கு முயல்வதே 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவைப்படி குற்றமாக இருந்தது. 1998 இல்தான் அந்தப் பிரிவை நீக்கினார்கள். வாட்டுக் கட்டிலில் கிடந்தவரைக் குற்றவாளியாக்கியது ஆங்கிலேயர் காலச் சட்டம். அதையும் நம் பண்பாட்டுக் கணக்கில் எழுதிவிட முடியாது.

அடுத்து, குற்றவியலாளர் தோர்ஸ்டன் செலினை இழுப்பார்கள். அவருடைய 1938 ஆம் ஆண்டு நூலில் ஒரு சிசிலித் தகப்பன் வருகிறார். மகளைக் கெடுத்த 16 வயதுப் பையனை நியூ ஜேர்சியில் கொன்றுவிட்டு, குடும்ப மானம் காத்தவனை ஏன் பிடிக்கிறீர்கள் என்று திகைக்கிறார். திகைப்புக்குப் பண்பாடு காரணம், ஒப்புக்கொள்கிறேன். கொலைக்கும் அதுவே காரணமென்றால், அதே மண்ணில் வளர்ந்து யாரையும் கொல்லாத தகப்பன்மாரை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

கடைசியாக, நமக்கு மிகவும் பிடித்த வாதம்: எங்கட மரபு பெண்ணைக் காக்கும். வீடும் வளவும் மகளுக்குச் சீதனம், மருமகன்தான் வந்து குடியிருக்கிறார். ஆகவே இங்கே அடி குறைவாம், பொலிஸ் பதிவைப் பாருங்கள் என்கிறார்கள். 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம்தான். ஆனால் புறப்படுகிறவளைப் பக்கத்து வளவிலிருந்து தாய் மறிப்பாள்: "பொறு பிள்ள, இன்னும் ரெண்டு குமர் இருக்கு." வீடு தன்னுடையது என்பதால் அவளுக்கு அதை விட்டுப் போகவும் மனம் வராது. பண்பாடு இங்கே நன்றாகவே வேலை செய்கிறது, முறைப்பாடு பதிவாகாமல் பார்த்துக்கொள்வதில். அந்தப் பதிவேட்டை மட்டும் புரட்டி இந்த ஊரில் அடி குறைவு என்று எழுதும் குற்றவியல் மாணவர், அந்தத் தாயோடு அரை மணித்தியாலம் பேசியிருக்கலாம்.