காசு கொடுத்தா கரண்ட் நிக்காம இருக்குமா?

பொங்கலுக்கு வந்த மச்சினர் மகன் நம்ம கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, "என்ன மாமா, இன்னும் ஓசி சாப்ட்வேரா? காசு போட்டு நல்லதா ஒண்ணு வாங்குங்க"ன்னான். அந்த 'ஓசி'ங்கற வார்த்தைதான் சுருக்குன்னு தச்சது.

நம்மகிட்ட இருக்கறது விண்டோஸ் 7 ஓடுற பழைய பெட்டி, 2 ஜிபி மெமரி. நெல் ரகங்களோட போட்டோ, வீடியோவை நம்ம தளத்துக்கு ஏத்தறதுதான் அதுக்கு வேலை. முன்னாடி காசுக்கு விக்கிற ஒண்ணை 30 நாள் சோதனைக்குப் போட்டுப் பாத்தேன். திறக்கவே ஒரு டீ குடிச்சிட்டு வரலாம். 31-ஆம் நாள், பாதி ஏத்தி வச்சிருந்த நேரத்துல, பணம் கட்டுன்னு மறிச்சு நின்னுடுச்சு. அன்னைக்கே எடுத்துட்டேன்.

நகரத்து நண்பர்களே, ஒண்ணு யோசிங்க. எஃப்டிபிங்கறது 1985-லேயே பொதுவுல எழுதி வச்ச விதிமுறை. காசு வாங்கற மென்பொருளும் அதைத்தான் பேசுது, இலவச ஃபைல்ஸில்லாவும் அதைத்தான் பேசுது. லைன் எவ்வளவு தாங்குதோ அவ்வளவுதான் வேகம். ரசீது காட்டினா கூடப் போகாது.

நமக்கு வேணுங்கறது வேற. இங்க கரண்ட் எப்ப போகும்னு யாருக்கும் தெரியாது. வின்எஸ்சிபி-யில எஸ்எஃப்டிபி வழியா ஏத்தினா, 100 கேபி-க்கு மேல உள்ள கோப்பை 'ஃபைல்பார்ட்'னு ஒரு தற்காலிகப் பேர்லதான் அனுப்பும். நடுவுல அறுந்தா, கரண்ட் வந்தப்புறம் விட்ட இடத்துலேருந்து தொடரலாம். பாதி உழுத வயலை மறுநாள் மிச்சம் உழற மாதிரி. இதுக்கு ஒரு பைசா கேக்கல.

இலவசம்ல குறையே இல்லன்னு சொல்ல வரல. ஃபைல்ஸில்லா ரொம்ப வருஷம் பாஸ்வேர்டைப் பூட்டாமலேதான் சேமிச்சு வச்சுது. மாஸ்டர் பாஸ்வேர்டு வந்ததே 2017-லதான். கண்ட தளத்துலேருந்து இறக்கினா வேண்டாத விளம்பரக் குப்பையும் கூடவே ஏறிக்கும். நிறுவனத்தோட சொந்தத் தளத்துலேருந்து எடுங்க, டிக் போடற இடத்தைப் படிச்சுட்டு அழுத்துங்க. வெறும் எஃப்டிபி-யில பாஸ்வேர்டு திறந்த தபால் அட்டை மாதிரி போகும், அதனால எஸ்எஃப்டிபி-யே வைங்க. இதெல்லாம் காசு கொடுத்து வாங்கினாலும் பாத்துத்தான் ஆகணும்.

ஆயிரம் பேர் வேலை பாக்கற ஆபீஸுக்குப் போன்ல கூப்பிட்டுக் கேக்க ஆள் வேணும், அவங்க வாங்கட்டும். நமக்கு எதுக்கு? வருஷா வருஷம் சந்தா கட்டறது, ஒட்டுவிதைக்கு ஒவ்வொரு பட்டத்துக்கும் கடைக்கு ஓடற மாதிரிதான். என் விதையை நானே எடுத்து வைக்கறேன், அதை யாராவது ஓசின்னு சொல்வாங்களா? மச்சினர் மகன்கிட்ட இதைத்தான் கேட்டேன். போன்ல எதையோ பாத்துக்கிட்டே "ம்"ன்னான்.