மீன் தொட்டிப் பாசிக்கு மாத்திரை வேண்டாம்

1/
“டாக்டர், ஃப்ளூகோனசோல் 150 ஒரு பத்து மாத்திரை எழுதிக் கொடுங்க. எனக்கு இல்ல, மீன் தொட்டிக்கு.” தேவிகாபுரத்தில் பட்டு நெசவுக் குடும்பத்துத் தம்பி ஒருவர் கேட்டது. சிரிக்காதீங்க. கடல் தொட்டி வளர்ப்பவர்களிடம் பல வருஷமாக உலவுகிற வைத்தியம் இது. நான் எழுதித் தரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2/
பவளம் வளரும் உப்புநீர்த் தொட்டியில் மூன்று தொல்லைகள் அதிகம். முடி மாதிரி பச்சைப்பாசி, இறகு மாதிரி பிரயோப்சிஸ், சிவப்பு ஆடை மாதிரி படரும் சயனோ. பவளத்தின் மேல் ஏறினால் வெளிச்சத்தை மறைத்து மெல்லக் கொல்லும். ஆயிரக்கணக்கில் செலவு செய்தவருக்கு வயிறு எரியத்தான் செய்யும்.

3/
ஃப்ளூகோனசோல் பூஞ்சைக்கான மருந்து. பூஞ்சையின் செல் சவ்வுக்குத் தேவையான எர்கோஸ்டெரால் உருவாவதைத் தடுக்கும். இதில் பிரயோப்சிஸும் வாடிப்போவதைப் பலர் பார்த்திருக்கிறார்கள். சயனோவுக்கு எரித்ரோமைசின் போடுகிறார்கள். அதுவும் கேட்கும், ஏன்னா சயனோ உண்மையில் பாக்டீரியா. அதனால் “வேலை செய்யாது” என்று நான் வாதாடப் போவதில்லை.

4/
பிரச்சினை அதற்குப் பிறகு. செத்த பாசி அழுகும், ஆக்சிஜன் குறையும். அது உறிஞ்சி வைத்திருந்த நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் திரும்பத் தண்ணீருக்கே வரும். அதைத் தின்று அடுத்த பாசி வளரும். எரித்ரோமைசினுக்கு நல்ல பாக்டீரியா, கெட்ட பாக்டீரியா தெரியாது. மீன் கழிவைச் சுத்தம் செய்யும் பாக்டீரியா அடிபட்டால் அமோனியா ஏறி மீனே போய்விடும்.

5/
தண்ணீர் மாற்றும்போது அந்த மருந்து சாக்கடைக்குத்தான் போகிறது. குறைந்த அளவு மருந்தில் கிருமிகள் பழகித் தேறுவது அப்படித்தான். கேண்டிடா ஆரிஸ் என்ற பூஞ்சையை 2009-ல் ஜப்பானில் முதலில் விவரித்தார்கள். இன்று உலகம் முழுக்க ஐசியூக்களுக்குத் தலைவலி. அதில் பெரும்பாலானவை ஃப்ளூகோனசோலுக்கு மசிவதில்லை. இதற்கு மீன் தொட்டிதான் காரணம் என்று சொல்லவில்லை. வீணடிக்க நம்மிடம் மருந்து மிச்சமில்லை என்கிறேன்.

6/
பாசி நோய் இல்லை, அறிகுறி. நோய் தண்ணீரில் இருக்கிறது. அதிகமாகப் போடும் தீனி, அளவுக்கு மீறிய மீன்கள், நீண்ட நேர வெளிச்சம், முக்கியமாக போர் தண்ணீர். வயலைச் சுற்றிய ஊர்களில் அதிலேயே நைட்ரேட் இருக்கலாம். பட்டுக்குச் சாயம் போடுகிறவர் முதலில் தண்ணீரைப் பார்ப்பார். தொட்டிக்கும் அதே கணக்குதான்.

7/
“வீட்டு ஆர்ஓ தண்ணிதான் ஊத்துறேன் சார்” என்பார்கள். குடிக்கும் ஆர்ஓ மெஷின் பலவற்றில் சுவைக்காகக் கொஞ்சம் தாதுக்களைத் திரும்பக் கலக்கும் அமைப்பு உண்டு. தொட்டிக்கு வேண்டியது டிஐ ஃபில்டரும் சேர்ந்த ஆர்ஓ. டிடிஎஸ் மீட்டர் பூஜ்ஜியம் காட்ட வேண்டும்.

8/
“டெஸ்ட் கிட்டில் நைட்ரேட் ஜீரோ காட்டுதே?” பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வந்து “காய்ச்சல் இல்லையே டாக்டர்” என்பது மாதிரி. இருப்பதையெல்லாம் பாசி தின்றுவிட்டால் கிட் எதைக் காட்டும்? அதற்காக எல்லாவற்றையும் பூஜ்ஜியத்துக்கு இறக்கவும் கூடாது. பவளமும் பட்டினி கிடக்கும், டைனோ என்ற வேறு தொல்லை வந்து உட்காரும்.

9/
செய்ய வேண்டியது:
• பாசி பிடித்த கல்லை வெளியே எடுத்து, வாளியில் உப்புநீருக்குள் வைத்துப் பிடுங்கித் தேயுங்கள். தொட்டிக்குள் பிடுங்கினால் துண்டுகள் பரவும்.
• தீனியைக் குறையுங்கள், வெளிச்ச நேரத்தைக் குறையுங்கள்.
• வாரம் ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றுங்கள்.
• பாசி தின்னும் நத்தைகளை விடுங்கள்.
• இரண்டு மூன்று மாதம் பொறுமை.

10/
இது உயிர் விஷயம், கவனம். பாசியைக் கொல்லக் கல்லைக் கொதிக்க வைக்கவே கூடாது. வெந்நீரும் ஊற்றக் கூடாது. கல்லில் ஒட்டியிருக்கும் சில ஜோவாந்திட்களில் பேலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கொதிக்க வைத்தால் அழியாது, ஆவியோடு மூச்சில் ஏறும். 2018-ல் இங்கிலாந்தின் ஸ்டீவென்டன் ஊரில் ஒரு வீட்டில் தொட்டியைச் சுத்தம் செய்தபோது இந்த நஞ்சு வெளிப்பட்டு, குடும்பத்தில் ஆறு பேரும் தீயணைப்பு வீரர்கள் நான்கு பேரும் மருத்துவமனைக்குப் போனார்கள்.

11/
இது செல்லின் சோடியம்-பொட்டாசியம் பம்பைக் கெடுக்கும் நஞ்சு. மாற்று மருந்து கிடையாது. தொட்டி வேலைக்குப் பிறகு காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, தசைவலி வந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். “பவளத் தொட்டி சுத்தம் பண்ணேன்” என்று வாய் திறந்து சொல்லுங்கள். சொல்லாவிட்டால் நாங்கள் சாதாரண வைரல் காய்ச்சல் என்றே நினைப்போம். கையுறையும் கண்ணாடியும் எப்போதும் வேண்டும்.

12/
பிடுங்கிய பாசியை ஏரியிலோ கடலிலோ போடாதீங்க. வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள். கேரஜீனனுக்காக மண்டபம் பக்கம் வளர்த்த கப்பாஃபைகஸ் பாசி, குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்ததை 2008-ல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஆள் விட்டுப் பிடுங்கியும் மிஞ்சிய துண்டிலிருந்து மறுபடி முளைத்தது. தொட்டியில் நீங்கள் படும் அதே பாடு, கடல் அளவில்.

13/
இன்னொன்று. நம் கடலின் கல் பவளங்கள் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் 1972-ன் முதல் அட்டவணையில் உள்ளவை. எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். விலை மலிவாக ஒருவர் “லைவ் ராக்” தந்தால், எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

14/
சளிக்கு ஆன்டிபயாடிக், படைக்கு ஸ்டீராய்டு க்ரீம், பாசிக்கு ஃப்ளூகோனசோல். மூன்றும் ஒரே பழக்கம்: காரணத்தைத் தேடாமல் மாத்திரையைத் தேடுவது. தொட்டியில் அதன் விலை சில மீன்கள். மனிதர்களிடம் அதன் விலையை வார்டில் தினமும் பார்க்கிறோம். மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கிடைத்தாலும் வாங்காதீங்க. முதலில் தண்ணீரைப் பாருங்கள்.