கழற்ற முடியாத பற்றரி!

சம்மாந்துறை வயலில் யானைக் காவல் நிற்கும் விவசாயிக்கும், கல்முனையில் நள்ளிரவு அழைப்புக்குக் காத்திருக்கும் வைத்தியருக்கும் இன்று கைத்தொலைபேசியே துணை. சில வருடங்களில் அத்துணை நடுவழியில் கைவிடுகிறது. குற்றம் யாருடையது?

1991 இல் சந்தைக்கு வந்த இலித்தியம் அயன் பற்றரியை நாம் பழிக்கவில்லை. பாரம் குறைவு, சக்தி அதிகம். அதை ஆக்கியோர் 2019 இல் நோபல் பரிசும் பெற்றனர். ஆயினும் அது பிறந்த நாள் முதலே மூப்படையும் பொருள். பாவித்தாலும் தேயும், பெட்டியில் வைத்தாலும் தேயும். நம் கரையோர வெயிலோ அதன் பரம வைரி. சில நூறு தடவை மின்னேற்றினால் கொள்ளளவில் ஐந்திலொரு பங்கு போய்விடும். பழுதுற்றால் தீயும் பற்றும். 2016 இல் சம்சுங் நிறுவனம் நோட் 7 தொலைபேசிகளை உலகெங்கும் மீளப்பெற்றதை மறந்தோமா?

தேயுமென்று தெரிந்தே அதைப் பசையிட்டு ஒட்டி மூடுகிறார்களே, அதுவே அநீதி! டோர்ச் லைட்டின் பற்றரியைச் சிறுவனும் மாற்றுவான். பல்லாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய கருவியின் பற்றரியை உரியவனே தொடலாகாதாம்! பிடி முறிந்ததற்காக மண்வெட்டியையா வீசுகிறோம்?

ஐரோப்பிய ஒன்றியம் 2023 இல் சட்டமியற்றியது. 2027 பெப்ரவரி 18 முதல், சில விலக்குகள் போக, பற்றரியைப் பாவனையாளரே கழற்றி மாற்றக் கூடியதாயிருத்தல் வேண்டும் என விதித்தது. நம் வாக்கால் கொழும்பு சென்ற பிரதிநிதிகளே, அவ்விதி இங்கு ஏன் கூடாது? 2003 ஆம் ஆண்டின் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் ஏட்டில் உறங்கவா எழுதப்பட்டது?

விவசாயிகளே, உத்தியோகத்தர்களே! காசை நீட்டுமுன் கேளுங்கள்: “பற்றரியைக் கழற்றலாமா?” முடியாதெனில், காசோடு வீடு திரும்புங்கள்!