சென்சாரை மாற்றினால் சரியாகிவிடுமா?

ஆக்ஸிலேட்டரை மிதித்தால் எஞ்சினுக்குள் என்ன போகிறது? கார் ஓட்டத் தெரிந்தவர் யாரையாவது இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். "இதென்ன கேள்வி, பெட்ரோல்தான்!" என்று பதில் வரும். ஆனால் பெட்ரோல் காரில் அந்த மிதி திறந்துவிடுவது காற்றை! எஞ்சினுக்குக் காற்று செல்லும் குழாயின் குறுக்கே வட்டமான உலோகத் தகடு ஒன்று ஓர் அச்சில் பொருத்தப்பட்டிருக்கிறது. இதற்கு த்ராட்டில் என்று பெயர். மிதியை அழுத்த அழுத்த இந்தத் தகடு திரும்பி வழிவிடுகிறது. காற்று உள்ளே பாய்கிறது. அந்தக் காற்றுக்கு எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும் என்று கணக்கிடுவது காரிலுள்ள சிறு கணினியின் வேலை. 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும் என்பது அதற்குத் தெரியும்.

காற்றின் அளவை அறிய வேறு சென்சார்களும் உண்டு. ஆனால் ஓட்டுநர் சும்மா நிற்கிறாரா, மெல்லப் போகிறாரா, முன்னால் போகும் லாரியை முந்த நினைக்கிறாரா என்பதை உடனுக்குடன் சொல்வது த்ராட்டில் தகடு திரும்பியிருக்கும் கோணம்தான். அந்தக் கோணத்தை மின்னழுத்தமாக மாற்றிக் கணினிக்கு அனுப்புவதே த்ராட்டில் நிலை சென்சார். பட்டறைகளில் இதைச் சுருக்கமாக டி.பி.எஸ். என்பார்கள். கார் நமக்கெதற்கு என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 விதிகள் நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின் விற்பனையான மோட்டார் சைக்கிள்கள் பெரும்பாலானவற்றிலும் இது இருக்கிறது.

இந்தச் சென்சார் உங்களுக்குப் பழக்கமானதுதான். பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் குமிழைத் திருகியிருக்கிறீர்களா? அதற்குள்ளே வளைவான கரிப்பூச்சுத் தடம் ஒன்றும், அதன்மேல் உராய்ந்து செல்லும் உலோகத் தொடுமுனை ஒன்றும் இருக்கும். சாதாரண டி.பி.எஸ். உள்ளேயும் இதே ஏற்பாடுதான். பௌதிக ஆய்வுக்கூடத்தில் மரப்பலகைமேல் நீளநீளமாகக் கம்பி இழுத்துக் கட்டிய மின்னழுத்தமானி இருக்கிறதல்லவா, அதைச் சுருட்டி ஒரு தீப்பெட்டிக்குள் வைத்ததுபோல என்று சொல்லலாம். மின்னழுத்தமானியின் தத்துவத்தை ஜெர்மன் நாட்டு விஞ்ஞானி பொக்கண்டார்ஃப் 1841-ல் வெளியிட்டார். அப்போது மோட்டார் கார் என்ற ஒன்றே கிடையாது!

சென்சாருக்கு மூன்று ஒயர்கள். ஒன்றில் கணினி 5 வோல்ட் கொடுக்கிறது. இன்னொன்று எர்த். மூன்றாவது, தொடுமுனையில் கிடைக்கும் மின்னழுத்தத்தைக் கணினிக்கு எடுத்துச் செல்லும் செய்தி ஒயர். தகடு மூடியிருக்கும்போது செய்தி ஒயரில் சுமார் 0.5 வோல்ட்டும், முழுதாகத் திறந்தால் சுமார் 4.5 வோல்ட்டும் இருக்கும். வண்டிக்கு வண்டி இது சற்று மாறும். 0 முதல் 5 வரை முழுவதையும் ஏன் பயன்படுத்தவில்லை? இங்கேதான் வடிவமைத்தவரின் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. நல்ல நிலையிலுள்ள சென்சார் 0 வோல்ட் தரவே தராது. 5 வோல்ட்டும் தராது. ஆகவே அப்படியொரு அளவு வந்தால் எங்கோ ஏதோ அறுந்துவிட்டது என்று கணினி புரிந்துகொள்ளும்.

புரிந்துகொண்டதும் அது ஓட்டுநர் முன்னாலுள்ள மஞ்சள் நிற எஞ்சின் விளக்கை எரியவிட்டு, தன் நினைவகத்தில் ஒரு கோளாறு எண்ணைக் குறித்துக்கொள்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாக் கார்களிலும் பொதுவான எண்முறை கட்டாயமானது. இந்தியாவில் கோளாறு கண்டறியும் ஏற்பாடு 2010-லும், அதன் விரிவான இரண்டாம் கட்டம் 2013-லும் கட்டாயமாயின. பட்டறையில் ஸ்கேனரை மாட்டினால் அந்த எண் திரையில் தெரியும். பி 0122 என்றால் த்ராட்டில் சென்சார் சுற்றில் மின்னழுத்தம் குறைவு. பி 0123 என்றால் அதிகம்.

இனி நடப்பதுதான் என் மனக்குறை. "சென்சார் போயிடுச்சு சார், மாத்திடலாம்" என்கிறார்கள். மாற்றுகிறார்கள். சில சமயம் கோளாறு தீர்கிறது. சில சமயம் ஒரு வாரம் கழித்து விளக்கு மறுபடியும் எரிகிறது. அடுத்ததாக இன்னொரு சென்சார், அதற்கும் மசியாவிட்டால் கணினியே மாற்றப்படுகிறது. வாடகைக் கார் ஓட்டிப் பிழைப்பவரை நினைத்துப் பாருங்கள். பொருளுக்குக் கொடுத்த பணத்தோடு, வண்டி பட்டறையில் நின்ற நாட்களின் வருமானமும் போயிற்று. நல்ல நிலையிலிருந்த சென்சார் ஒன்று குப்பைத் தொட்டிக்குப் போயிற்று.

ஸ்கேனர் பொய் சொல்லவில்லை. அது சொன்னது "இந்தச் சுற்றில் மின்னழுத்தம் சரியில்லை" என்பது மட்டுமே. "சென்சார் கெட்டுவிட்டது" என்று சேர்த்துக்கொண்டது நாம். சுற்று என்றால் சென்சார், மூன்று ஒயர்கள், கப்ளர் என்று சொல்லப்படும் இணைப்பு, கணினி எல்லாம் சேர்ந்ததுதானே? 5 வோல்ட் ஒயர் அறுந்தால் செய்தி ஒயரில் 0 வோல்ட் வரும். பி 0122 பதிவாகும். எர்த் ஒயர் அறுந்தால் கரித்தடத்தின் வழியே 5 வோல்ட் அப்படியே செய்தி ஒயருக்கு வந்துவிடும். பி 0123 பதிவாகும். இரண்டிலும் சென்சார் முழு ஆரோக்கியமாக இருக்கிறது!

ஒயர் முழுதாக அறுந்தால் கண்டுபிடிப்பது எளிது. மழைநீர் புகுந்து கப்ளருக்குள் களிம்பு ஏறியிருந்தால்தான் சுவாரசியம். பென்சிலை எடுத்துக்கொள்ளுங்கள். சென்சாரின் மொத்த மின்தடை 5,000 ஓம் என்று கொள்வோம். தகடு மூடியிருக்கும்போது தொடுமுனைக்குக் கீழே 500 ஓம், ஆகவே 0.5 வோல்ட். திறந்தால் 4,500 ஓம், 4.5 வோல்ட். இப்போது எர்த் முனையில் ஏறிய களிம்பு 500 ஓம் மின்தடையைக் கூட்டிவிட்டது என்று வையுங்கள். மொத்தம் 5,500 ஓம். மூடிய நிலையில் தொடுமுனைக்குக் கீழே இருப்பது 500-உம் 500-உம் சேர்ந்து 1,000 ஓம். ஓம் விதிப்படி மின்னழுத்தம் 0.91 வோல்ட். முழுதும் திறந்தால் 5,000 ஓம், அதாவது 4.55 வோல்ட். மேல்முனையில் ஏறக்குறைய ஒரு மாற்றமும் இல்லை. கீழ்முனையிலோ ஏறத்தாழ இரண்டு மடங்கு! தகடு இறுக மூடியிருக்க, அது சுமார் 10 சதவீதம் திறந்திருப்பதாகக் கணினி எண்ணிக்கொள்ளும். வண்டி சிக்னலில் நிற்கும்போது ஐடிலிங் தடுமாறலாம். 0.91 வோல்ட் என்பது கணினியின் எல்லைக்கு உள்ளேயே இருப்பதால் கோளாறு எண் வராமலே போகவும் கூடும்.

அதே களிம்பு 5 வோல்ட் ஒயரின் முனையில் இருந்தால்? கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். மூடிய நிலையில் 0.45, திறந்த நிலையில் 4.09 வரும். இப்போது கீழ்முனை சரி, மேல்முனை சரிந்துவிட்டது. ஆகவே இரண்டு அளவுகளை எடுத்து அருகருகே எழுதினாலே, களிம்பு எந்த ஒயரில் என்று உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லிவிடலாம். சந்தேகமா? சாவியைப் போட்டு, எஞ்சினை ஓடவிடாமல், மல்டிமீட்டரின் ஒரு முனையைச் சென்சாரின் எர்த்திலும் மறுமுனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் வைக்கச் சொல்லுங்கள். ஏறக்குறைய 0 வோல்ட் காட்ட வேண்டும். நம் கணக்கிலுள்ள வண்டியில் 0.45 காட்டும். பத்தாம் வகுப்பு ஓம் விதி இதற்குப் போதும். (எஞ்சின் சம்பந்தப்பட்ட எதையும் மெக்கானிக் உடனிருக்கும்போது மட்டும் பாருங்கள். த்ராட்டில் தகட்டருகே விரலை வைக்கவே கூடாது. மோட்டாரால் இயங்கும் தகடு சட்டென்று மூடி விரலை நசுக்கிவிடும்.)

சென்சாரே கெடுவதும் உண்டு. இரண்டு முனையிலும் அளவு சரியாக இருந்து, நடுவே ஓரிடத்தில் மட்டும் மின்னழுத்தம் சட்டென்று விழுந்து எழுந்தால் கரித்தடம் தேய்ந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் மூடிய நிலைக்குச் சற்று மேலே, நகர நெரிசலில் மிதி அதிகம் உலவும் பகுதியில்தான் இந்தத் தேய்வு. அந்த இடத்தைக் கடக்கும்போதெல்லாம் வண்டி ஜெர்க் அடிக்கும். வானொலிக் குமிழைத் திருகும்போது 'கரகர' என்று கேட்குமே, அதே நோய்தான்! இதைப் பிடிக்க முள் ஆடும் பழைய மீட்டர் நல்ல கருவி. மிதியை மெல்ல அழுத்திக்கொண்டே போனால் முள் சீராக ஏற வேண்டும். தேய்ந்த இடத்தில் துள்ளும். எண்களைக் காட்டும் புதிய மீட்டர் விநாடிக்குச் சில முறைதான் அளவைப் புதுப்பிக்கிறது. நொடிப்பொழுது விழுகையைத் தவறவிட்டுவிடும். பட்டறை மூலையில் தூசி படிந்து கிடக்கும் முள் மீட்டரை யாரும் இன்னும் எறிந்துவிட வேண்டாம் என்பேன். அலைவுகாட்டி இருந்தால் இன்னும் நல்லது.

"மாற்றிப் பார்ப்பதும் ஒரு சோதனைதானே?" என்று உங்களில் ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. ஆம், சோதனைதான், ஆனால் பாதிச் சோதனை. புதிய சென்சாரை மாட்டியதும் கோளாறு மறைந்தது என்றால், அடுத்துச் செய்ய வேண்டியது பழையதைத் திரும்ப மாட்டிப் பார்ப்பது. கோளாறு திரும்பி வந்தால் சென்சார்தான் காரணம் என்று துணிந்து சொல்லலாம். வராவிட்டால்? கப்ளரைக் கழற்றி மாட்டியபோது களிம்பு சற்று உரசி விலகியிருக்கிறது, அவ்வளவுதான். சில நாளில் மறுபடி படியும். இந்த இரண்டாவது பாதியைச் செய்ய ஐந்து நிமிடம் போதும். ஆனாலும் செய்வோர் மிகக் குறைவு.

குற்றத்தையெல்லாம் மெக்கானிக் தலையில் சுமத்த எனக்கு மனமில்லை. அரை மணி நேரம் அளந்து பார்த்து, களிம்பைச் சுரண்டி, "ஒன்றும் மாற்றத் தேவையில்லை, முந்நூறு ரூபாய் கொடுங்கள்" என்று சொல்கிறவரிடம் நாம் பேரம் பேசுகிறோம். "ஒன்றுமே மாற்றவில்லை, எதற்குப் பணம்?" என்கிறோம். பளபளப்பான பெட்டியில் புதிய பொருளைக் காட்டினால் மறுபேச்சின்றி ஆயிரக்கணக்கில் எடுத்து வைக்கிறோம். யோசித்ததற்குக் கூலி கொடுக்காத ஊரில் யார் யோசிப்பார்கள்? அளந்து சொன்னதற்கென்று தனிக் கட்டணம் எழுதும் பட்டறைகள் வர வேண்டும். வந்தால் நாம் அதை மதித்துக் கொடுக்க வேண்டும்.

நம் வகுப்பறைகளுக்கும் இதில் பங்குண்டு. மின்னழுத்தமானியைப் பலகையில் படம் வரைந்து, சூத்திரத்தை ஒப்புவித்து, மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். அது தெருவில் போகும் வண்டிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது என்று எத்தனை பேருக்குச் சொல்லப்படுகிறது? பட்டறையில் கையில் கிரீஸோடு நிற்கும் பையனிடம் மீட்டர் இருக்கிறது, கணக்கு இல்லை. உங்களிடம் கணக்கு இருக்கிறது, மீட்டர் இல்லை. இருவரும் ஒருநாள் ஒரே வண்டிமுன் நின்றால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

புதிய கார்களில் நிலைமை சற்று மாறியிருக்கிறது. மிதிக்கும் தகட்டுக்கும் இடையே கம்பியே இல்லை. மோட்டார்தான் தகட்டைத் திருப்புகிறது. கோணத்தைச் சொல்ல ஒன்றுக்கு இரண்டு சென்சார்கள். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் கணினி எச்சரிக்கையாகி, வண்டியை மெல்ல மட்டுமே ஓட விடுகிறது. பல வண்டிகளில் உராயும் கரித்தடத்துக்குப் பதில் காந்தம் வந்துவிட்டது. எட்வின் ஹால் 1879-ல் கண்ட விளைவு அங்கே வேலை செய்கிறது. தேய்வு இல்லை என்பது பெரிய லாபம். ஆனால் அவற்றுக்கும் 5 வோல்ட் ஒயர் உண்டு, எர்த் உண்டு, கப்ளர் உண்டு. மழையும் களிம்பும் பழையவைதான்.

உங்கள் வீட்டு வண்டியிலோ பக்கத்து வீட்டு வண்டியிலோ டி.பி.எஸ். மாற்றப்பட்டால், கழற்றிய பழையதைக் கேட்டு வாங்கி வாருங்கள். மூன்று முனைகளில் வெளிமுனைகள் இரண்டுக்கும் இடையே மின்தடையை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு செய்தி முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே மீட்டரை வைத்து, அச்சை மெல்லத் திருப்பிக்கொண்டே அளவு சீராக மாறுகிறதா என்று பாருங்கள். கடைசியில் மூடியை மெதுவாக நெம்பித் திறந்து, கரித்தடத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். தொடுமுனை ஓடிய பாதையில் தேய்ந்த வெளிறிய கோடு தெரிகிறதா? தெரிந்தால் மாற்றியவர் சரியாகத்தான் மாற்றியிருக்கிறார். தடம் வழவழப்பாகக் கறுத்து முழுமையாக இருந்தால், அந்த வண்டியின் கப்ளரை ஒருமுறை கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.